பச்சை வராத கைப்பட்டை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் பாடத்தில் முதலிடம் வாங்கிய முதல் ஆள் என் நாய்தான். நானும் என் தம்பியும் என் இரண்டு மகன்களும் மாறி மாறி முயன்று தோற்ற காரியம் அது. அவன் முயலவில்லை. படுத்திருந்தான்.

பெயர் மேயர். நியூஃபவுண்ட்லாந்து இனம், கறுப்பு, எடை என்னைவிடக் கூடுதல். இவன் தூக்கத்தைப் பற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. ஒரு கோடையில் சூறைக்காற்று வந்து என் கொட்டகையை வைக்கோலோடு தூக்கிக்கொண்டு போயிற்று. வைக்கோலில் இவன் தூங்கிக்கொண்டிருந்தான். மறுநாள் ஞாயிறு, பக்கத்து மாவட்டத்து லுத்தரன் தேவாலயத்தில் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தோம், அப்போதும் தூக்கம்தான். பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. "மத்தவங்களைவிட இவன் ஒண்ணும் அதிகமாத் தூங்கல" என்றார் போதகர்.

எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர் டுவெய்ன் ஓல்மன், இவன் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, குழாய் வேலை செய்கிறதா என்று ஒருமுறை உதறிப் பார்ப்பார். "மூணு அடி அடிக்குது, ஒண்ணை விட்டுடுது, யோசிச்சுப் பாத்து மறுபடி அடிக்குது. இந்த மாதிரி ஒரு நெஞ்சு மினசோட்டாவுலயே வேற கிடையாது, ஆர்விட்" என்பார். நோய் இல்லையாம். அவசரம் இல்லையாம், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவனை எங்கள் ஊர்க் கல்லூரியில் கூப்பிட்டார்கள். தேர்வு நெருங்கினால் பிள்ளைகளுக்கு மனம் கனக்கிறது, நாயைத் தடவிக்கொடுத்தால் கொஞ்சம் லேசாகும் என்று. நல்ல யோசனைதான், நான் இன்றைக்கும் அதைக் குறை சொல்லமாட்டேன். 'என்னைத் தொடலாம்' என்று எழுதிய ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு மேயர் வியாழன்தோறும் கல்லூரிக்குப் போனான். உடற்பயிற்சிக் கூடத்தை ஒட்டிய நடைவழியில், மனநல ஆலோசகர் இங்கெர் ப்ரெக்கேயின் அறைக் கதவுக்கு எதிரே எங்கள் இடம். உள்ளே போகக் காத்திருக்கும் பிள்ளைகள் மேயரைத் தடவுவார்கள். கதவு திறக்கும். உள்ளே போவார்கள். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும், நடை நேராக இருக்கும். நாய் இருப்பது காத்திருக்கும் நேரத்துக்கு மட்டும்தான். வைத்தியம் கதவுக்கு அந்தப்பக்கம்.

ஒரு கோடை விடுமுறையில் கதவுக்கு அந்தப்பக்கம் இருந்தவரை அனுப்பிவிட்டார்கள். அவரோடு இருந்த இன்னொரு ஆலோசகரையும் அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பதிலாக எல்லா மாணவர்களுக்கும் ஆளுக்கொரு ரப்பர் கைப்பட்டை வாங்கினார்கள். ப்ரெக்கேயின் அறைக்கு 'அமைதி அறை' என்று பெயர் வைத்து, நாற்காலிகளை எடுத்துவிட்டு, ஒரு தட்டில் மணல், மணலைக் கீற ஒரு குட்டி வாரி, உள்ளே பல்பு எரியும் உப்புப் பாறை ஒன்று, இவற்றை வைத்தார்கள். அழுதுகொண்டு வரும் பிள்ளை மணலைக் கீறலாம். போதவில்லை என்றால் உப்பைப் பார்க்கலாம்.

இதையெல்லாம் கொண்டுவந்தவர் நலவாழ்வுத் துறையின் தலைவர், டாக்டர் கிரெக் ஸ்டாம்லர். 'டாக்டர் கிரெக்னே கூப்பிடுங்க' என்பார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் மெல்லியதாகிவிடும். ரொம்பக் கோபம் வந்தால் என்ன சொல்கிறார் என்றே கேட்காது. பிறகு அமைதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

கைப்பட்டை நாடியை அளக்கும். மனம் அமைதியாக இருந்தால் பச்சை, கொஞ்சம் தடுமாறினால் மஞ்சள், கொதித்தால் சிவப்பு. 'வாழ்நாள் நலம்' என்று ஒரு பாடம் வைத்தார்கள். யோகா செய்யலாம், கூழாங்கல்லுக்கு வண்ணம் அடிக்கலாம், ஊஞ்சல் படுக்கையில் ஆடலாம், நீச்சல் குளத்தில் படகு தள்ளலாம். எதைச் செய்தாலும் வாரம் இத்தனை மணி நேரம் கைப்பட்டை பச்சையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தோல்வி. இந்தப் பாடத்தில் தேறாமல் யாருக்கும் பட்டம் கிடையாது. அதாவது, அமைதியாக இரு, இல்லாவிட்டால் உன் வாழ்க்கையைக் கெடுத்துவிடுவேன் என்பதுதான் பாடம்.

எங்கள் ஊரில் இதற்கு யாரும் கத்தவில்லை. "கொஞ்சம் வித்தியாசமா இருக்கு" என்றார்கள். பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும் நாங்கள் அதைத்தான் சொல்வோம்.

யெசேனியா த்ரெவின்யோ நர்சிங் கடைசி ஆண்டு. அவள் தாத்தா காலத்தில் டெக்சாஸிலிருந்து சர்க்கரை பீட் கிழங்கு வயலில் களையெடுக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். ராத்திரி முதியோர் இல்லத்தில் வேலை, பகலில் வகுப்பு. ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மே மாதம் பட்டம் கையில் இருந்தால் ஜூனில் வேலை. இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. இரத்தமும் மருந்தும் எலும்பும் எல்லாம் படித்துத் தேறியாயிற்று. மீதி இருந்தது வாழ்நாள் நலம் ஒன்றுதான். அதில் அவளுக்குப் பச்சையே வரவில்லை. தூங்கும்போதுகூட மஞ்சள்.

"நான் எப்பதான் தூங்குறேன், அது மஞ்சளாக" என்று ஒரு வியாழக்கிழமை மேயரின் காதைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அந்த அரை மணி நேரத்தையும் இது எட்டிப் பாத்துக் குறிச்சுக்குது."

அவள் கோபத்துக்கு வேலையும் தூக்கமும் மட்டும் காரணமில்லை. போன இலையுதிர்காலத்தில் அவளோடு ஓர் அறையில் இருந்தவள் ஆனிகா. வடக்கே கனடா எல்லையோரத்துப் பெண், பேச்சு குறைவு. வியாழன்தோறும் கோட்டுப் பையில் பாலாடைக்கட்டித் துண்டு வைத்துக்கொண்டு வருவாள். மேயரோடு தரையில் படுத்து அவன் வயிற்றில் தலையை வைத்துக்கொள்வாள். ஒருநாள் அப்படிப் படுத்தபடியே சொன்னாள்: "ஆர்விட், நான் ஆலோசகரைப் பாக்கணும்னு கேட்டேன். வரிசையில இருக்கச் சொன்னாங்க. ரெண்டாம் தடவை கேட்டேன், மூச்சுப் பயிற்சி அனுப்பினாங்க. மூணாம் தடவை உங்க நாயைப் பாக்கச் சொன்னாங்க."

"மேயர் நல்லவன்தான்மா. ஆனா அவன் அந்தப் படிப்பு படிக்கலயே" என்றேன்.

"தெரியும்" என்றாள். "அவன் ஒருத்தன்தான் படிச்ச மாதிரி நடிக்கல."

பனி விழத் தொடங்கியதும் அவள் வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள், பிறகு சாப்பாட்டுக்குப் போவதை நிறுத்தினாள். ஒரு காலையில் அவள் அப்பா பிக்கப் வண்டியோடு வந்து வீட்டுக்கு அழைத்துப் போனார். யெசேனியாதான் அவள் பெட்டிகளை மாடியிலிருந்து சுமந்து இறக்கினாள். படியில் இறங்கும்போது கைப்பட்டை சிவந்து அதிர்ந்து, 'இப்போது ஒரு நல்ல மூச்சை உள்ளே இழு' என்று எழுத்து காட்டியதாம். அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் என்ன சொன்னாள் என்பதை நான் இங்கே எழுதமுடியாது. ஸ்பானிஷில் சொன்னாள். மாடியில் கேட்ட பையன் ஒருவன் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டான் என்று கேள்வி.

பச்சைக்கு வழி கண்டுபிடித்தவன் ஹாக்கி விளையாடும் கோல்பி. நெடுநெடுவென்று வளர்ந்தவன், முன்பல் ஒன்று கிடையாது. அவனுக்கும் சிவப்புதான் வரும். ஒரு வியாழக்கிழமை தன் பட்டையைக் கழற்றி, ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே, மேயரின் முன்னங்காலில் மாட்டினான். பட்டை கொஞ்சம் யோசித்துவிட்டுப் பச்சையாயிற்று. அப்படி ஒரு பச்சையை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"பெருசு, நீங்க ஒண்ணும் பாக்கலல்ல?" என்றான்.

"எனக்குக் கண்ணுல புரை தம்பி" என்றேன்.

இரண்டு வாரத்தில் மேயரின் நான்கு கால்களிலும் பட்டைகள் வரிசையாக ஏறின. முடி அடர்த்தி, வெளியே தெரியாது. ஊஞ்சல் படுக்கையில் ஆடவேண்டிய பிள்ளைகள் நூலகத்தில் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், சிலர் நிஜமாகவே தூங்கினார்கள். மேயர் அவர்கள் எல்லோருக்காகவும் அமைதியாக இருந்தான். வீட்டுக்கும் அப்படியே கூட்டிப் போனேன். படுக்கையறையில் விளக்கை அணைத்தால் அவன் கால்கள் பச்சையாக மினுங்கும். விமான ஓட்டி ஒருவன் ஓடுபாதை என்று நினைத்து என் வீட்டின் மேல் தாழப் பறந்து, தவறு புரிந்து மேலே ஏறிப் போனான்.

யெசேனியா மட்டும் பட்டையைக் கழற்றவில்லை.

"வாலு காலியாத்தான் இருக்கு, யெசே" என்றான் கோல்பி. "கொடு, மாட்டி விடுறேன்."

"வேணாம்."

"ஏன், உன் நாடிக்கு நாய் நாடி மட்டமா?"

"அவன் நாடி என்னோடதைவிட ஒசத்தி. அதனாலதான் வேணாம்."

"பட்டம் வேணாமா உனக்கு? ஆஸ்பத்திரியில இடம் போயிடும்டி."

"வேணும். எனக்கு வேணுங்கிற அளவு இங்க யாருக்கும் வேணாம்." மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். சிவப்பு. "இதுதான் நான். ஆனிகாவை அனுப்பிட்டாங்க, எங்க அறையில அவ இடத்துல இப்ப வேற ஒருத்தி குளிர்ச் சட்டை மாட்டியிருக்கா. அதைத் தினம் பாக்குறேன். எனக்குப் பச்சை வந்தாதான் ஏதோ கோளாறுன்னு அர்த்தம், கோல்பி. பொய்ப் பச்சையை மாட்டினா, அவங்க செஞ்சது சரின்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி."

"அப்ப நாங்கல்லாம் எழுதிக் குடுத்துட்டோமா?"

"நான் உன்னைச் சொன்னேனா?"

"சொல்லல. பாத்தே."

கோல்பி தன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். பிறகு, "உனக்கு வாய் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு ஹாக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

டாக்டர் கிரெக்குக்குக் கணக்குகள் வந்தன. கல்லூரியில் பதினொரு மாணவர்கள், இரவும் பகலும், தேர்வு வாரத்திலும், இதுவரை எந்த மனிதப் பிறவிக்கும் வராத அமைதியில் இருக்கிறார்கள். வேறொருவராக இருந்தால் மருத்துவரைக் கூப்பிட்டிருப்பார். இவர் விழாவுக்கு ஏற்பாடு செய்தார். பழைய மாணவர்களும் கொடையாளர்களும் வரும் வசந்த விழாவில் அந்தப் பதினொரு பேரையும் 'அமைதித் தூதர்கள்' என்று மேடையில் உட்காரவைத்து, அவர்கள் நாடியைப் பெரிய திரையில் ஓடவிடுவது என்று முடிவாயிற்று. தூதர்களுக்கு மனசாந்தி தர மேயரும் மேடையில் படுப்பான்.

"நண்பரே, உங்க நாய் இல்லாம இது நடந்திருக்காது" என்றார் என்னிடம்.

"அது உண்மைதான்" என்றேன்.

பிறகு யெசேனியாவைக் கூப்பிட்டனுப்பினார். அவள் திரும்பி வந்து நடைவழியில் என் பக்கத்தில் உட்கார்ந்தபோது கைப்பட்டை சட்டைத் துணியைத் தாண்டியும் சிவப்பாகத் தெரிந்தது.

"நான் தோத்துட்டேனாம்" என்றாள். "ஆனா ஒரு வழி இருக்காம். விழாவுல மேடை ஏறணும். அவரு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவாரு. எல்லாரும் பாக்க என் சிவப்பு பச்சையாகணும். ஆச்சுன்னா தேர்ச்சி போட்டுடுவாராம். 'இது ஒரு பயணம், யெசேனியா'ங்கிறாரு."

"என்ன சொன்னே?"

"வரேன்னு சொன்னேன். அம்மா ஏற்கனவே பட்டமளிப்புக்குத் துணி தைக்கக் குடுத்துட்டாங்க." மேயரின் முதுகில் முகத்தைப் புதைத்தாள். "முயற்சி பண்ணுவேன், ஆர்விட். பொய் சொல்லாம பச்சை வந்தா வரட்டும். ஒரு நிமிஷம் யாரையும் நினைக்காம இருந்துட்டாப் போதும்."

விழா அன்று உடற்பயிற்சிக் கூடம் நிறைந்திருந்தது. காபி, இனிப்புக் கட்டிகள், சாஸ் ஊற்றிய இறைச்சி உருண்டை எல்லாம் மேசையில். எங்கள் ஊரில் மேசை காலியாகும்வரை யாரும் கிளம்பமாட்டார்கள், கடைசித் துண்டை யாரும் எடுக்கவும் மாட்டார்கள், அதனால் எந்தக் கூட்டமும் முடிவதில்லை. முன்வரிசையில் கல்லூரித் தலைவர் மிசஸ் ஹோவ்லண்ட். அவருக்குப் பின்னால் பழைய மாணவர் என்ற முறையில் கால்நடை மருத்துவர் டுவெய்ன். மேடையில் கோல்பியும் மற்ற தூதர்களும் வெறும் மணிக்கட்டு தெரியாதபடி நீளக்கைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேயர், ஆரஞ்சுச் சட்டையில், குறட்டையோடு.

திரையில் பதினொரு கோடுகள் ஓடின. தூங்கும் கடல் மாதிரி. சபை கைதட்டியது. கீழே பன்னிரண்டாவது கோடு ஒன்று, சிவப்பு. அது யெசேனியா. ஓரத்தில் டாக்டர் கிரெக்கின் கோடும் பச்சையாக ஓடியது, அவரும் பட்டை போட்டிருந்தார்.

"கண்ணை மூடு யெசேனியா" என்றார் ஒலிவாங்கியில். "உள்ளே இழு. விடு. உனக்குப் பிடிச்ச ஒரு இடத்தை நினைச்சுக்கோ."

அவள் கண்ணை மூடினாள். உள்ளே இழுத்தாள். விட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் நிஜமாகவே முயன்றாள். தோள் இறங்கிற்று. சிவப்பு மங்கி ஆரஞ்சாகி, மஞ்சளுக்கு வந்தது. சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம்தான், பட்டமும் ஆஸ்பத்திரியும் அம்மா தைக்கக் கொடுத்த துணியும்.

"அருமை" என்றார் டாக்டர் கிரெக். "பாத்தீங்களா, உதவி கேட்டா இங்க யாருக்கும் கிடைக்காமப் போகாது."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"கண்ணை மூடிக்கோ. இப்ப என்ன தோணுது உனக்கு, சொல்லு பாக்கலாம்" என்று ஒலிவாங்கியை அவள் பக்கம் நீட்டினார். அதை அவர் செய்திருக்கக்கூடாது.

"கோபம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "உதவி கேட்டா கிடைக்கும்னு சொன்னீங்க. என்னோட இருந்தவ கேட்டா. மூணு தடவை கேட்டா. இந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு அறை இருந்துச்சு, அதுல ஒரு ஆள் இருந்தாங்க, அவங்களை எடுத்துட்டு உப்பு வச்சீங்க. அவ நடைவழித் தரையில படுத்திருந்தா. நீங்க தாண்டிக்கிட்டுப் போனீங்க, டாக்டர் கிரெக், நான் பாத்தேன். அவ பேரு உங்களுக்குத் தெரியுமா? ஆனிகா."

ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் கூடம் முழுக்கக் கேட்டது. மேயர் எழுந்தான்.

சூறைக்காற்றுக்கு எழாதவன். எழுந்து நின்று, காதைத் தூக்கி, மேடையின் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பார்த்தான். திரையில் பதினொரு கோடுகளும் ஒரே நொடியில், ஒரே அளவு, வானத்துக்கு எகிறின. பதினொரு பேரும் சிவப்பு. அவன் மேடையை விட்டுக் குதித்தான், பதினொரு கோடுகளும் குதித்தன. நாற்காலிகளுக்கு நடுவே ஒவ்வொருவர் மடியாக மோந்துகொண்டு போனான். தூதர்கள் கையைக் கட்டிக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருக்க, அவர்கள் நாடி மட்டும் கூடத்துக்குள் ஓடியது.

டுவெய்ன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "மூணு அடிக்குது, ஒண்ணை விடுது" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்கு இந்த நெஞ்சைத் தெரியும். இது நம்ம ஆர்விட்டோட நாய்."

"வித்தியாசமா இருக்கு" என்றது ஒரு குரல். வரிசை வரிசையாக அதையே சொன்னார்கள். எங்கள் ஊரில் அது கலவரத்துக்குச் சமம்.

டாக்டர் கிரெக் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு பக்கக் கதவு வழியாக நடைவழிக்குப் போய், அமைதி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

மேயர் கூடத்தில் தேடி முடித்துவிட்டு அதே நடைவழிக்குப் போனான். ஆனிகா வழக்கமாகக் கிடைக்கும் இடம் அதுதானே. அங்கும் இல்லை. ஒரு பெருமூச்சு விட்டு, அமைதி அறைக் கதவில் முதுகைச் சாய்த்துப் படுத்தான். அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது.

யெசேனியா போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கோல்பி வந்தான். மேயரின் கால்களிலிருந்து பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தன்னுடையதைத் தேடி எடுத்துத் தன் மணிக்கட்டில் மாட்டினான். சிவப்பு. அதை முறைத்துப் பார்த்துக்கொண்டே அவனும் உட்கார்ந்தான்.

"எனக்கு எப்பவும் இப்படித்தான் இருக்கு போல" என்றான். "நான் பட்டைதான் பழுதுன்னு நெனச்சேன்."

"தள்ளி உக்காரு, வாலை மிதிக்கிற" என்றாள் யெசேனியா.

உள்ளிருந்து கதவு லேசாக அசைந்தது. "கொஞ்சம் வழி விடமுடியுமா" என்று மெல்லிய குரல். பாதுகாவலர் வந்து மேயரின் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். இன்னொருவர் வந்து சேர்ந்து இழுத்தார். சட்டை வந்தது. நாய் வரவில்லை. என்னைக் கூப்பிடச் சொன்னார்கள். "மேயர், வாடா" என்றேன், எவ்வளவு மெதுவாகச் சொல்லமுடியுமோ அவ்வளவு மெதுவாக. கூடத்தில் விருந்தாளிகள் காபியோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கிரெக்கின் கோடு மஞ்சளாகி, ஆரஞ்சாகி, செக்கச்செவேலென்று ஆயிற்று. மணலும் உப்பும் அவர் பக்கத்திலேயே இருந்தன.

மிசஸ் ஹோவ்லண்ட் வந்தார். நல்ல பெண்மணி, யாரிடமும் கடிந்து பேசமாட்டார்.

"யெசேனியா, நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன். இந்தப் பருவத்துக்குக் கைப்பட்டைக் கணக்கு செல்லாது. எல்லாருக்கும் தேர்ச்சி. உனக்கும் சேத்துத்தான். நீ மே மாசம் பட்டம் வாங்கிக்கலாம்." சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எங்கள் பக்கத்தில் இப்படி ஒன்றைக் கொடுத்தால் நன்றி வந்தே தீரும்.

யெசேனியாவின் கை மேயரின் முடியை இறுக்கிப் பிடித்தது. நான்கு வருடம் அவள் கேட்டது கையில் கிடைத்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம்.

"ஆனிகாவுக்கு?" என்றாள்.

"யார் ஆனிகா?" என்றார் மிசஸ் ஹோவ்லண்ட்.

மேயர் தலையைத் தூக்கினான்.

அவள் பெயரை மேடையில் சொல்லி, ஒலிபெருக்கியில் சொல்லி, அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். என் நாய்க்குத் தெரிந்த பெயர்.

"உக்காருங்க" என்றாள் யெசேனியா.

"பரவாயில்ல, நான் நிக்கிறேன்."

"கேக்கணும்னா உக்காருங்க. அவ இங்கதான் கிடந்தா."

மிசஸ் ஹோவ்லண்ட் சுற்றும் பார்த்தார். கூடத்துக் கதவில் விருந்தாளிகள் தட்டோடு நின்றிருந்தார்கள். நல்ல பாவாடையோடு தரையில் உட்கார்ந்தார். யெசேனியா சொன்னாள். எதையும் விடவில்லை. பெட்டியைப் பற்றியும், அந்தப் படியைப் பற்றியும், அவளை அழைத்துப்போக வந்த அப்பா நன்றி சொல்லி எல்லோர் கையையும் குலுக்கியதைப் பற்றியும். சொல்லச் சொல்ல அவள் மணிக்கட்டில் பட்டை சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. பாதியில் மிசஸ் ஹோவ்லண்ட் "ஒரு குழு போட்டு" என்று ஆரம்பித்தார்.

"குழு வேணாம். ஒரு ஆள். ஒரு நாற்காலி. இப்ப ப்ரெக்கே அம்மாவுக்குப் போன் போடுங்க."

"இப்பவா?"

"எனக்கு ராத்திரி வேலை இருக்கு. அதுவரைக்கும் இருப்பேன். நாய்க்கு வேலை கிடையாது."

கதவுக்குள் லேசாக இருமல்.

போன் போட்டார். இங்கெர் ப்ரெக்கேயின் குரல் எல்லோருக்கும் கேட்டது. ஃபார்கோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாராம், நன்றாக இருக்கிறாராம். "திரும்பி வரமாட்டேன்" என்றார். "என் அறைச் சாவியை வாங்கிக்கிட்டு, கையில வண்ணம் அடிச்ச கூழாங்கல்லு ஒண்ணு குடுத்து அனுப்புனீங்க. ஆனா யாரை எடுக்கலாம்னு சொல்றேன். எழுதிக்கிறீங்களா?" மிசஸ் ஹோவ்லண்ட் தரையில் உட்கார்ந்தபடி எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் யெசேனியா எழுந்தாள். மேயருக்கு அது போதவில்லை போலிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டுத்தான் நகர்ந்தான். டாக்டர் கிரெக் வெளியே வந்து எல்லோருக்கும் நன்றி சொன்னார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

ஏப்ரல் முடிவதற்குள் ஆலோசகர் ஒருவர் வந்தார். அரை நாள் வேலை. காலையில் உப்புப் பாறையை வெளியே எடுத்து வைத்துவிட்டு நாற்காலிகளைப் போடுவார்கள். மதியம் அவர் போனதும் நாற்காலிகளை எடுத்துவிட்டு உப்பை உள்ளே வைப்பார்கள். மதியத்துக்குமேல் மனம் உடையும் பிள்ளை மறுநாள் காலைவரை தாங்கவேண்டும். யெசேனியா வடக்கே போய் ஆனிகாவைப் பார்த்துவிட்டு வந்தாள். பேசுகிறாளாம், சாப்பிடுகிறாளாம். கல்லூரிப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாளாம்.

பட்டமளிப்பு நாள் வெயில் நன்றாக இருந்தது. யெசேனியாவின் அம்மா புதுத் துணியில் முன்னால் உட்கார்ந்து எல்லாப் பெயருக்கும் கைதட்டிக்கொண்டிருந்தாள். இவள் பெயர் வந்தது, மேடை ஏறினாள். மிசஸ் ஹோவ்லண்ட் பட்டத்தைக் கொடுத்து, கையைக் குலுக்கி, "வாழ்த்துகள், உன்னை நினைச்சா எங்களுக்குப் பெருமை" என்றார், படம் எடுப்பவர் பக்கம் சிரித்தபடி.

யெசேனியா பட்டத்தை இடது கையில் வாங்கிக்கொண்டாள். வலது கை அவர் கையை விடவில்லை.

"மீதி அரை நாள் எப்போ?" என்றாள்.

மிசஸ் ஹோவ்லண்ட் கையை மெல்ல இழுத்துப் பார்த்தார். அடுத்த பையன் பெயரைக் கூப்பிட்டாயிற்று, அவன் படியில் நின்றான், அவனுக்குப் பின்னால் அங்கி போட்ட வரிசை முழுக்க நின்றது. அவள் விடவில்லை.